எதிர்த்தால் காரணம் எழுதுக

தொழிற்சாலைக் கணினித் திரைகளுக்கான சர்வதேசத் தரநிலை வரைவு ஓட்டெடுப்புக்கு வந்தது. இந்தியக் குழுவில் ஒரகடம் கம்பெனி மேனேஜர் ரகுபதியும் உறுப்பினர். எதிர்த்தால் காரணம் எழுத வேண்டும். ஆதரித்தால் ஒன்றும் எழுத வேண்டாம். காரணம் எழுதுவதென்றால் முதலில் அந்தக் கண்றாவியைப் படித்துத் தொலைக்க வேண்டுமே! ரகுபதி ஆதரித்தார். உலகமே ஆதரித்தது. ஒரே ஒரு நாடு மட்டும் ஒரு கமாவை நகர்த்தச் சொன்னது.

அந்தத் தரநிலைப்படி செய்த திரை வைத்த கன்வேயர் அவருடைய உற்பத்தி லைனுக்கே வந்து சேர்ந்தது. பூசணிக்காய் உடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பெருமையோடு குனிந்த ரகுபதியின் ஐடி கார்டு கயிற்றை பெல்ட் பிடித்து இழுத்தது.

"நிறுத்தும்மா! அய்யோ, நிறுத்து!"

ஆபரேட்டர் மாரிசெல்வி திரையைத் தொட்டாள்.

"சார், ஓட்டுறதுக்கு ஒண்ணும் கேக்கல. நிப்பாட்டணும்னா காரணம் எழுதணுமாம். என்னன்னு எழுத?"