டிஸ்க்கில் ஒட்டிய பிசுக்கு

பராகோவா பள்ளியின் குட்டிக் கணினியில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, பாடங்களையும் கலைக்களஞ்சியத்தையும் கழற்றி மாட்டும் டிஸ்க்கில் நிரப்ப, கணினி ஆசிரியையான எனக்கு அறுபத்தொரு மணி நேரம் பிடித்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இணையம் கிடையாது. இதுதான் அவர்களுடைய நூலகம்.

திங்கட்கிழமை திறப்பு விழா. காலையில் டிஸ்க்கை எடுத்தபோது பன்றிக் கொழுப்பின் பிசுக்கு விரலில் ஒட்டியது. செருகிப் பார்த்தேன். யார் வேலை என்று புரிந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் டிஸ்க்கைத் துடைத்து மேசைமேல் வைத்தேன்.

விருந்தினர் முன்னால் ஒரு பாடம்கூடத் திறக்கவில்லை. தலைமையாசிரியர் எவெலியோ சிரித்தார்.

"ஓசி சாஃப்ட்வேர் வேற எப்படி இருக்கும்? யானெய்சி, நீ படிச்ச படிப்பும் ஓசிதானே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ இந்தக் கணினிய வேற பள்ளிக்குக் குடுத்துடலாம்," என்றார் வந்திருந்த அதிகாரி.

ஆசிரியை மிக்தாலியா என்னை முறைத்தாள். "வாயத் தொறயேன்டி. வெள்ளிக்கிழமை நல்லாத்தானே ஓடுச்சு?"

எப்போதும் பன்றி வறுவலின் பிசுக்கு மினுக்கும் எவெலியோவின் கொழுத்த விரல்களைப் பார்த்தேன். அருவருப்பு பயத்தை விழுங்கிவிட்டது.

"டிஸ்க் கெட்டுப்போகல சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கதான் அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க. பாடத்தையெல்லாம் அழிச்சிட்டு, இணையம் இல்லாம ஊரெல்லாம் டிஸ்க்குல கைமாறுற இந்த வாரத்து டிவி சீரியல் மொத்தத்தையும் ஏத்தி வெச்சிருக்கீங்க."