இவருக்குப் பதில் இவர்

பொம்மைப் போரில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 'தோக்குறதுல உன்னை யாரும் தோக்கடிக்க முடியாது மச்சான்' என்பான் ஸ்டான்லி. ஒரே கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறோம். ஞாயிறு வந்தால் சிங்கப்பெருமாள் கோயிலில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டைவிரல் உயரப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டுவோம். நடுவில் தெர்மாகோல் கோட்டை. முதலில் உள்ளே நுழைபவனுக்கே வெற்றி.

அந்த வாரம் படைகள் சினிமாவிலிருந்தோ டிவியிலிருந்தோ வரவேண்டும் என்று பேச்சு. ஸ்டான்லி வெளிநாட்டு சீரியல் தினுசில் டிராகனும் எலும்புக்கூட்டுப் படையுமாக வந்தான். நான் நம்மூர் மெகா சீரியலை இறக்கினேன். தளபதி, மாமியார். குதிரைப்படை, நாத்தனார்கள். தொப்பையோடு ஒரு மாப்பிள்ளை வீரன். அவன் முகத்துக்கு மாடல் தேடி அலையவில்லை, கண்ணாடி இருந்தது. சீரியலில் கன்னத்தில் விழும் ஓர் அறையை மூன்று தடவை காட்டுவார்கள் அல்லவா? அதனால் மாமியாருக்கு மூன்று பகடை. இன்னொரு சலுகையும் உண்டு: சாகப்போகிறவரைக் காப்பாற்ற, ஆட்டத்தில் ஒரே ஒருமுறை, 'இவருக்குப் பதில் இவர்' என்று வேறு ஆளை நிறுத்தலாம்.

படை நின்றதும், கடப்பாக்கத்திலிருந்து என் நிஜ மாமியார் ஆதியம்மாள் மீனோடு வந்து நின்றார். மீனை என் மனைவி சங்கவியிடம் கொடுத்துவிட்டு, நேராகத் தளபதியைக் கையில் எடுத்தார். பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் கை.

"இது யாரு மாப்ள?"

"சும்மா ஒரு பொம்ம, அத்த."

"என் பொடவய கட்டிகினு கீறா."

ஸ்டான்லி மின்விசிறியைப் பார்த்தான்.

"இன்னா பண்ணுவா?"

"அறைவாங்கம்மா," என்றான் ஸ்டான்லி. "மூணு தடவ."

"ஒண்ணே போதுமே," என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

தளபதி அறைந்த அறையில் பாதி எலும்புக்கூட்டுப் படை காலி. என் நாத்தனார்களும் காலி. ஆனால் மாப்பிள்ளை வீரன் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான். அடுத்த முறை உள்ளே போனால் என் வாழ்க்கையின் முதல் வெற்றி. சங்கவியிடம் எப்படி அலட்சியமாகச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது டிராகன் தளபதி மேல் நெருப்பைக் கக்கியது. பகடையில் ஆறு.

"மாமியார் அவ்ளோதான் மச்சான்."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு பொம்மையையே பார்த்தார்.

விட்டுவிட்டால் ஜெயிப்பேன். வெறும் பிளாஸ்டிக்தானே.

"இவருக்குப் பதில் இவர்," என்று மாப்பிள்ளையை வாசலிலிருந்து எடுத்து நெருப்பில் வைத்தேன். தளபதியைப் பின்வரிசைக்கு நகர்த்தினேன். அடுத்த முறையே டிராகன் கோட்டைக்குள் போய் உட்கார்ந்தது.

"உனுக்கு வெளாடவே தெரியல மாப்ள," என்றார் அத்தை. "பொம்ம செத்தா எனுக்கு இன்னா? நான்தான் இங்க குந்திகினு கீறேனே."

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து படையைப் பெட்டியில் அடுக்கினேன். தளபதியைக் காணோம். போன் போட்டேன்.

"பைல கீறா," என்றார். "நீ வேற ஆளப் பாத்துக்கோ."

அடுத்த ஞாயிறு தளபதிக்குப் பதிலாக ஒரு சோடா மூடியை நிறுத்தினேன். அதுவும் தோற்றது.