யாருடைய கட்டம் முதலில்

கரோலின் கேன்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் டீயோடு போய் உட்கார்ந்த மேசையில் இருந்த மூன்று பேரும் பாதி குடித்த கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். போகிற போக்கில் ஒருவன், "பொட்டி வருது, வழி விடுங்கப்பா," என்றான். பொட்டி என்றால் கம்ப்யூட்டர் என்றும் வைத்துக்கொள்ளலாம், சவப்பெட்டி என்றும் வைத்துக்கொள்ளலாம். அவன் இரண்டையும் நினைத்துத்தான் சொன்னான்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். டம்பர் வண்டிகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ், அசெம்பிளி, பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் முறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. எப்படிக் கொண்டுவருவது என்று திட்டம் போடும் பொறுப்பு கரோலினுடையது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா ஆர்தர் சுரங்கத்தில் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை இறக்கி ஏற்றிய ஆள். பெங்களூரில் படித்துவிட்டு, ஊரிலேயே வேலை கிடைத்ததே என்று திரும்பி வந்து, கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு மேனேஜரானவள்.

அவள் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கவில்லை. மழைக்காலம் முழுவதும் ஷாப் ஷாப்பாக நடந்தாள். உங்களுக்கு என்ன வருகிறது, யாரிடமிருந்து வருகிறது, நீங்கள் அதை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள். கேட்டதையெல்லாம் கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்து, தன் அறைச் சுவர் நிறைய ஒட்டினாள். முழுத் தொழிற்சாலையும் ஒரே படமாக அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. கூடவே ஒரு சிக்கலும் தெரிந்தது. ஒரே ஹைட்ராலிக் பம்புக்கு ஸ்டோர்ஸில் ஒரு நம்பர், அசெம்பிளியில் வேறு நம்பர், பர்ச்சேஸில் இன்னொன்று. இந்த மூன்றையும் பழைய கம்ப்யூட்டர்தான் இத்தனை காலம் ஒன்றோடொன்று பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லா இலாகாவையும் ஒரே நாளில் புதிய முறைக்கு மாற்றினால் ஒன்றுக்கு மற்றொன்றை அடையாளம் தெரியாது. முதலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே நம்பர் வர வேண்டும். பிறகு சிறிய உதிரிபாகக் கிடங்கான ஸ்பேர்ஸ் ஸ்டோர்ஸில் மட்டும் புதிய முறையைத் தொடங்கி, பழையதையும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மெயின் ஸ்டோர்ஸ், பிறகு அசெம்பிளி என்று போகலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் பழைய கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும்.

ஜெனரல் மேனேஜர் வாசுவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏப்ரல் ஒண்ணாம் தேதி எல்லாம் ஓடணும்னு ஹெட் ஆபீஸ் கேக்குறாங்க. நீங்க என்னடான்னா கல்யாண ஊர்வலம் மாதிரி நின்னு நின்னு போகலாங்கறீங்க."

"ஒரு இடத்துல தப்பு வந்தா அந்த இடத்தோட நிக்கும் சார். மொத்தமா இறக்கினா ஃபேக்டரியே நின்னுடும்."

வாசு அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்பேர்ஸ் ஸ்டோர்ஸை மட்டும் பண்ணிக் காட்டுங்க. அதுல ஒரு தப்பு வந்தாலும் மிச்சத்தை மொத்தமா இறக்கிடுவேன். அப்ப இந்தப் படத்தை சுருட்டி வெச்சிக்குங்க."

ஸ்பேர்ஸ் ஸ்டோர்ஸில் நேசமணி இருந்தார். ஸ்டோர்கீப்பர், யூனியன் செக்ரட்டரியும் அவர்தான். கரோலினின் அப்பாவோடு ஒரே சர்ச் சபையில் பாட்டுப் பாடியவர். அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதனாலேயே அவர் 'மேடம்' என்று சொல்லும்போது அவளுக்குக் கூடுதலாக வலித்தது.

ஆட்களைக் கூட்டி வைத்து அவள் திட்டத்தை விளக்கினாள். "ஒரேயடியா எதுவும் மாறாது. படிப்படியாத்தான் கொண்டாரப் போறோம்," என்றாள்.

நேசமணி சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"படிப்படியா. இந்த ஊர்ல வந்து அந்த வார்த்தைய சொல்றீங்களே மேடம். மைன்ஸ எப்டி மூடினு வராங்க? மொதல்ல ஒரு ஷாஃப்டு. ஆளுங்கள இன்னொரு ஷாஃப்டுக்கு மாத்துறோம், பயப்படாதீங்கன்னாங்க. அப்பால அதுவும் போச்சு. ஒரே நாள்ல மூடியிருந்தா ஊரே ரோட்டுல எறங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா மூடுனதால ஒருத்தன் போவசொல்ல இன்னொருத்தன் சும்மா நின்னு வேடிக்க பாத்தான். உங்க நைனாவும் அப்டித்தான் நின்னாரு. கேட்டுப் பாருங்க."

"இது அது இல்லண்ணா. இதுல யாருக்கும் வேலை போகாது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அதைவிட, எழுதிக் கொடுக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும். அன்றிலிருந்து அவள் ஸ்டோர்ஸுக்குப் போனால் மின்விசிறியை அணைத்தார்கள். நாற்காலிகளை எடுத்து உள்ளே வைத்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் அவள் ஸ்கூட்டரின் சீட்டை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். அவள் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை இழுத்து மாட்டிக்கொண்டு ஓட்டினாள்.

சோதனை ஓட்டம் தொடங்கிய இரண்டாவது வாரம் கணக்கு ஒத்துப்போகவில்லை. அவள் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் பேயிலிருந்து அலறல் கேட்டது. ஒரு டம்பரில் மாட்டிய ஹைட்ராலிக் ஹோஸ் குழாய் வெடித்து, கொதிக்கும் ஆயில் பிரேம் என்ற ஃபிட்டரின் கை மேல் கொட்டியிருந்தது. தோல் சட்டையோடு சேர்ந்து உரிந்து வந்தது. அவள் ஓடிப்போனபோது அவனைச் சுற்றி நின்றவர்கள் அவளைக் கிட்டவே விடவில்லை.

"உன் பொட்டி குடுத்த ஹோஸுதான்," என்று ஒருவன் கத்தினான். "பாத்துக்கோ. நல்லா பாத்துக்கோ."

ஹோஸ் தவறானதுதான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வகை. ஒன்று அதிக அழுத்தம் தாங்கும், மற்றது தாங்காது. அவள் ஸ்டோர்ஸுக்குள் போய் ரேக்குகளைத் தானே தேடிப் பார்த்தாள். இரண்டு அடுக்குகளில் தொங்கிய நம்பர் அட்டைகள் இடம் மாறியிருந்தன. காற்றில் மாறாது. அட்டைகள் கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

நேசமணி கடைசி ரேக்கின் அருகில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளிறியிருந்தது.

"நீங்களாண்ணா?"

"ஆமா. நான்தான். கணக்கு ஒதைக்கணும்னு பத்து எடத்துல மாத்துனேன். ஹோஸு அதுல மாட்டினுச்சு." குரல் தடுமாறியது. உடனே அதைக் கோபத்தால் மூடிக்கொண்டார். "போ. போய் சொல்லு உன் வாசுகிட்ட. ஒனக்கு நல்ல பேரு கெடைக்கும்."

"பிரேமுக்குக் கையே போயிடும் போல இருக்கு."

"எனுக்குத் தெரியாதா? அவன் கல்யாணத்துல மோதிரம் எடுத்துக் குடுத்தவன் நான்." எழுந்து அவள் எதிரில் வந்து நின்றார். "நான் பண்ணது பாவம். அத்த நான் பாத்துக்கறேன். நீ பண்றது இன்னா? செவுறு பூரா படம் வரைஞ்சியே, அதுல எங்க கட்டம் மொதல்ல கீது. உன் ரூம்பு கட்டம் எங்க கீது சொல்லு? கடைசில. எல்லாரையும் கீழ எறக்கிட்டு நீ கடைசி கேஜ்ல வருவியா?"

அவள் தன் அறைக்குத் திரும்பி அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். கீழ் மூலையில் 'பழைய கம்ப்யூட்டர் அறை' என்ற கட்டம் இருந்தது. கடைசிப் படியில் அதன் மேல் பெருக்கல் குறி. புதிய முறையில் அந்தந்த இலாகாவே தன் விவரங்களை அடித்துக்கொள்ளும். எல்லாருடைய கணக்குச் சீட்டுகளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடிக்க ஆள் தேவையில்லை. அந்தக் குறியைப் போட்டது அவள் கைதான். அப்போது அவள் ஒரு மெஷினை அணைப்பதாகத்தான் நினைத்திருந்தாள். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்தக் கம்ப்யூட்டர் அறையில், எல்லாரிலும் மூத்தவளான குணசுந்தரியும் மற்றப் பெண்களும் கீபோர்டில் சீட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கரோலின் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். புது முறை முழுசா வந்தா இந்த ரூம் இருக்காது."

குணசுந்தரி கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் அந்தச் சீட்டை முழுவதும் அடித்து முடித்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"இன்னாடி, இப்பதான் வாய் தொறக்குதா? அந்தப் படம் மழைக்காலத்துலேர்ந்து செவுத்துல கீது. நாங்க படிக்கத் தெரியாதவளுங்களா? நீ ஒட்டுன அன்னிக்கே மம்தா பாத்துட்டு வந்து சொன்னா. நீயா வந்து சொல்றியான்னு பாத்துனு இருந்தோம். தெனமும் காலைல வந்து 'சாப்டீங்களாக்கா'ன்னு கேப்ப. நானும் சாப்டேன்னு சொல்வேன்."

"நான் வேற எடம் பாத்துத் தரலாம்னு…"

"பேசாத. உனுக்கு மொத மொத இந்த ரூம்புல நாற்காலி போட்டு ஒக்கார வெச்சவ நானு. இனிமே அக்கான்னு கூப்பிடாத."

பக்கத்து நாற்காலியில் மம்தா அழ ஆரம்பித்தாள். குணசுந்தரி அவளையும் அதட்டினாள்.

அன்று மிச்சப் பொழுதெல்லாம் கரோலின் படத்தை மாற்றி வரைந்தாள். படிகளின் வரிசையை மாற்றவில்லை. அது சரியானதுதான். புதியது தடுக்கி விழுந்தால் தாங்குவதற்குப் பழையது கடைசிவரை ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் இதுவரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தாள், கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று. இப்போது இரண்டாவதாக ஒன்றை எழுதினாள். அந்தப் படியில் எந்தக் கட்டம் காலியாகிறதோ, அந்தக் கட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் புதிய வேலை பெயர் போட்டு முன்கூட்டியே உத்தரவாக வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த படி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, தொடக்கத்துக்கும் முன்னால், தன் செக்‌ஷனின் கட்டத்தை வைத்தாள். முதல் உத்தரவு அவர்களுக்கு.

வாசு அதைப் படித்துவிட்டு மேசை மேல் எறிந்தார். "இது இன்ஜினியரிங் பிளானா, யூனியன் நோட்டீஸா?"

"பயந்துக்கிட்டு இருக்கறவங்க சரியான விவரம் அடிக்க மாட்டாங்க சார். தப்பான விவரத்தை வெச்சு எந்த சிஸ்டமும் ஓடாது. பிரேம் கையைப் பாத்தீங்கல்ல?"

"அட்டையை மாத்துனது யாரு? உங்களுக்குத் தெரியும்னு கேள்விப்பட்டேன்."

"அது உங்க விசாரணை சார். நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப உங்க வேலையைப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

"யோசிங்க சார். ஆனா மொத்தமா இறக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லாம இறக்கினா, அடுத்த ஹோஸ் வெடிக்கறப்ப உங்க கையெழுத்துதான் இருக்கும்."

வாசு கதவைக் காட்டினார்.

மறுநாள் பேச்சுவார்த்தைக் கூட்டம். ஒரு பக்கம் நிர்வாகம், எதிர்ப்பக்கம் யூனியன். கரோலின் இரண்டு பக்கமும் இடம் இல்லாதவளாக மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். அட்டையை மாற்றியவன் பெயர் வராவிட்டால் ஸ்பேர்ஸ் ஸ்டோர்ஸ் ஷிஃப்ட் முழுவதையும் சஸ்பெண்ட் செய்வேன் என்றார் வாசு. யூனியன்காரர்கள் கூச்சல் போட்டார்கள். கூச்சலுக்கு நடுவில் நேசமணி எழுந்தார்.

"நான்தான் மாத்துனேன். என்ன மட்டும் எடுங்க. அந்தப் பசங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

அவர் பக்கத்திலிருந்தவர்களே நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். பிரேமின் தம்பி கதவருகில் நின்றிருந்தான். அவன் உள்ளே வந்து நேசமணியின் முகத்தில் காறித் துப்பினான். நேசமணி துடைத்துக்கொள்ளவில்லை. செக்யூரிட்டி வந்து அவரை அழைத்துப் போகும்போது கரோலினின் நாற்காலி அருகே ஒரு நொடி நின்றார்.

"உனுக்காவ இல்ல," என்றார். "அத்த மட்டும் நெனப்புல வெச்சிக்கோ."

வாசுவுக்கு ஹெட் ஆபீஸில் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். யூனியனுக்கு அன்று குரல் எழும்பவில்லை. ஆனால் அவர்களுடைய துணைச் செயலாளர், கரோலின் படத்தில் எழுதியிருந்த அந்த இரண்டாவது நிபந்தனை இல்லாமல் யாரும் புதிய மெஷினைத் தொட மாட்டார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மாலைக்குள் வாசு கரோலினின் படிப்படித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வாரத்தில் கரோலினுக்கு மெமோ வந்தது. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று குற்றச்சாட்டு. திட்டத்தின் தலைமைப் பொறுப்பை பெங்களூரிலிருந்து வந்த கிரிஷ் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்குக் கீழே அவள் தொடர வேண்டும்.

கிரிஷ் அவளைவிடச் சின்னவர். வந்த முதல் நாளே சுவரிலிருந்த படத்தை இறக்கச் சொன்னார். அதில் இருந்ததைத் தன் கம்ப்யூட்டரில் வரைந்து தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நிபந்தனைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றனவா என்று மட்டும் கரோலின் சரிபார்த்தாள். இருந்தன. மற்றதை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய் ஆர்தரிடம் சொன்னபோது அவர், "நேசமணிய சபையில யாரும் பக்கத்துல உக்கார விடமாட்டேன்றாங்க. நான் உக்காந்தேன்," என்றார். மகளுடைய பதவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

முதல் உத்தரவு குணசுந்தரிக்கு. ஸ்பேர்ஸ் ஸ்டோர்ஸ் கவுன்ட்டரில் புதிய மெஷினில் அடிக்கும் வேலை. ஏ.சி. அறையில் வேலை பார்த்தவள் கிரீஸ் வாசனைக்கும் இரும்புத் தூசிக்கும் நடுவில், ஆண்கள் மட்டுமே இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் அவளிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை. வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா வேடிக்க? நேசமணி போன கோவத்த எங்கிட்ட காட்றீங்களா?" என்று குணசுந்தரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நானா அவர அனுப்புனேன்? என் ரூம்பையே மூடப் போறாங்க. நான் யார்மேல காட்டறது? சீட்டு குடுத்தா சாமான் வரும். குடுக்காட்டி போங்க, வெயில்ல நில்லுங்க."

முன்னால் நின்ற வயதான ஃபிட்டர் மரியகுழந்தை முனகிக்கொண்டே சீட்டை நீட்டினார். அவள் அதைப் பிடுங்கி அடித்தாள்.

மழைக்காலம் திரும்பி வந்தபோது பழையது, புதியது இரண்டு கணக்குகளும் முதன்முறையாக ஒத்துப்போயின. கிரிஷ் பெங்களூருக்குப் போன் போட்டார். ஸ்டோர்ஸில் யாரும் கைதட்டவில்லை. கரோலின் அடுத்த படிக்கான பெயர்களோடு கவுன்ட்டருக்குப் போனாள். குணசுந்தரி அவளை உட்காரச் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள்.

"மெயின் ஸ்டோர்ஸுக்கு மம்தாவையா போட்டு கீற?"

"ஆமா."

"அவளுக்கு மூச்சு எளப்பு கீது. அந்தத் தூசில ஒரு வாரம் தாங்க மாட்டா. பர்ச்சேஸ் படி வர்ற வரைக்கும் அவ பழைய ரூம்புலயே இருக்கட்டும். அங்க நம்ப ரூம்பு ஷைலஜாவப் போடு."

"ஷைலஜா ஒத்துக்குவாங்களா?"

"மாட்டா. உன்னத் திட்டுவா. கேட்டுக்கோ." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கரோலின் கவுன்ட்டர் ஓரத்தில் நின்றபடியே மம்தாவின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு ஷைலஜாவின் பெயரை எழுதினாள். பிறகு ஷைலஜாவிடம் திட்டு வாங்குவதற்காக நடந்தாள்.