ஓட்டை உடைசல் திருநாள்

வாசல் மணி கெட்டுவிட்டதா, யாருமே வரவில்லையா? தஸ்தகீருக்குப் பிடிபடவில்லை. மூடியைக் கழற்றி முனைகளில் பாட்டரியை வைத்தான். மணி அலறியது.

"மணி நல்லாத்தாங்க இருக்கு. ஆளுங்கதான் வரல" என்றாள் மனைவி மஹ்பூபா. அடுப்பில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று ஜெர்சி சிட்டியே பரிசுப் பொட்டலம் பிரிக்கும்போது, இவர்கள் வீட்டில் ஓட்டை உடைசல் திருநாள். கடையில் வாங்கியது எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆளுக்கொரு பழுதான பொருளோடு வர வேண்டும். எல்லோருமாகச் சேர்ந்து சரிசெய்வார்கள். பிழைக்காத பொருளுக்கு அதன் சொந்தக்காரர் இரங்கல் உரை ஆற்ற வேண்டும். போன வருடம் தோழி துவாரகா தன் டோஸ்டரை, 'இரு பக்கமும் பாரபட்சமின்றிக் கருக்கிய உத்தமர்' என்று வாழ்த்தி அனுப்பினாள்.

இந்த வருடம், ஆற்றுக்கு அக்கரையில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த செப்டம்பருக்குப் பிறகு நண்பர்களின் போன் குறைந்திருந்தது. கூப்பிட்டபோதும், "பாக்கலாம்" என்று இழுத்தார்கள். இன்று வராவிட்டால் இனி வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் நஞ்சுண்டன்.

"டேய், எதிர் பூத்லேர்ந்து பேசறேன். எவ்ளோ நேரமா பெல் அமுக்கறது? துவாரகா அமுக்கிப் பாத்துட்டு, நீங்க ஊர்லயே இல்லன்னு திரும்பிப் போயிட்டா!"

தஸ்தகீர் கீழே ஓடினான். வாசலில் நஞ்சுண்டன் செத்துப்போன மிக்ஸியை அணைத்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். கட்டடத்தின் எல்லா வீடுகளுக்குமான பொத்தான் வரிசையில் தஸ்தகீரின் பெயர்ச்சீட்டை ஆணியால் கீறியிருந்தார்கள். தகட்டின் திருகுகள் தளர்ந்திருந்தன.

கழற்றிப் பார்த்தான். பொத்தானை அமுக்கினால் இரண்டு கம்பிகள் சேரும், மேலே மணி அடிக்கும். அவ்வளவுதான் விஷயம். அவன் வீட்டுக் கம்பி மட்டும் அறுபட்டிருந்தது. தேய்ந்து அறுந்ததல்ல. வெட்டியது.

நஞ்சுண்டன் மிக்ஸியைக் கீழே வைத்தான். பிறகு, "connect பண்ணி, பேரைப் புதுசா எழுதிடு" என்றான்.

"பேர் இருந்தா மறுபடி வெட்டுவான்டா."

மேல்மாடியில் ஒரு வீடு காலி. வரிசையில் கடைசியான அதன் பொத்தானுக்குச் சீட்டு கிடையாது. தஸ்தகீர் தன் கம்பியின் முனையைச் சீவி அந்தப் பொத்தானில் முறுக்கினான். அமுக்கினான். மேலே மணி அடித்தது. மஹ்பூபா ஜன்னலைத் திறந்து, "யாரு?" என்றாள்.

மேலே போய், துவாரகாவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டான். எல்லோரிடமும் ஒரே செய்திதான்.

"எங்க பேரத் தேடாதீங்க. பேர் இல்லாத கடைசிப் பட்டனை அமுக்குங்க. எங்க வீட்ல அடிக்கும்."