மூன்றாவது டிக்

மூன்று பச்சை டிக்கும் விழுந்ததும் நாற்காலியில் சாய்ந்து ஒரு கொட்டாவி விட்டேன். பிறந்த குழந்தையின் காதுக்குள் ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் காது கேட்கிறதா என்று சொல்கிற கருவிகளுக்கான மென்பொருள் லைப்ரரி அது. யார் நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் மூன்று வகைக் கணினிகளில் தானாகவே பில்ட் ஆகி டெஸ்ட்டும் ஓடும்படி அமைத்துத் தருவது என் புது வேலை. எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது டிக் மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது உறுத்தியது. அது ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பழைய ரகக் கணினி. மெதுவாகத்தானே ஓட வேண்டும்? திறந்து பார்த்தால் அங்கே ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை. ஓடாததால் எதுவும் தோற்கவில்லை, தோற்காததால் பச்சை. சிரிப்புதான் வந்தது. சரிசெய்து மறுபடி ஓட்டினேன்.

சிவப்பு. எதிரொலியே வராத காதின் மாதிரிப் பதிவைக் கொடுத்தால், அந்தக் கணினியில் மட்டும் லைப்ரரி 'கேட்கிறது' என்றது. இன்னொரு முறை ஓட்டினேன். அதே பதில்.

மேலாளரை அழைத்து, எந்த ஆஸ்பத்திரிகளில் இந்தக் கணினி இருக்கிறது என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன பெயர்களில் அக்காவுக்குப் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியும் இருந்தது.

நான் வேலை பார்ப்பது அக்கா வீட்டின் பின்னறையில். ஹாலில் அவளுடைய ஒன்றரை வயது மகன் எனக்கு முதுகு காட்டிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் அவன் திரும்பாததைச் சொல்லி வீடே சிரித்திருக்கிறது.

"அப்படியே அவங்க அப்பா. தனக்குத் தோணினாத்தான் திரும்புவாரு" என்பாள் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தவள்தான். பிறந்த மறுநாளே காது டெஸ்ட்டில் பாஸ் ஆனவன் ஆயிற்றே, யாருக்குச் சந்தேகம் வரும்?

"தங்கம்" என்றேன். பிறகு சத்தமாக. பிறகு சமையலறைக்குப் போய் இரண்டு பாத்திர மூடிகளை எடுத்து வந்து, கடவுளே திரும்பிவிடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே, அவன் தலைக்குப் பின்னால் ஓங்கி மோதினேன்.

அக்கா குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள்.

"என்னடி விழுந்துச்சு?"

மூடிகள் என் கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன. அவன் கடைசிக் கட்டையை உச்சியில் வைத்துவிட்டு, சரியாமல் நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.