பிறந்த வீட்டுப் படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் மியூசியத்தைப் பெருக்க வந்த ராஜாம்பாளுக்கு யாரோடும் சண்டை போடும் உத்தேசம் இல்லை. சண்டைதான் அவளைத் தேடிக்கொண்டு வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கு மேல்பட்டாம்பாக்கத்து டெய்சி கூடத்தில் நீளமான வெள்ளைத் துணியை விரித்திருந்தாள். மாதா கோயில் பேனரும் பள்ளிக்கூடச் சுவரும் வரைகிற ஓவியர் அவள். நிலக்கரித் தூளைப் பசையில் குழைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் கறுப்பு மை வைத்திருந்தாள்.

"டிக்கெட் கிடையாது, போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. யார் வேணா வாங்க, உங்க பொறந்த வூட்ட வரைஞ்சிட்டுப் போங்க!"

பிள்ளைகள் எல்லாரும் குவார்ட்டர்ஸைத்தான் வரைந்தார்கள். ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஜன்னல், மறக்காமல் பிளாக் நம்பர் வேறு. டெய்சி சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சிங்காரவேலு வந்தார். மைன்ஸில் மண்வெட்டும் ராட்சச மெஷினை ஓட்டி ரிட்டையர் ஆனவர். ராஜாம்பாளின் கூடப்பிறந்த அண்ணன். கான்ட்ராக்ட் ஆட்கள் போடும் கோட்டும் துடைப்பமுமாக வாசலில் நின்ற தங்கையை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டு, "செருப்ப எங்கம்மா வுடறது?" என்று கேட்டார்.

அம்மாவாம்! என்னமோ இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி! சுரங்கம் தோண்ட ஊரையே எடுத்துக்கொண்டபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு பர்மனென்ட் வேலை கிடைத்தது. பிள்ளைகளோ இரண்டு பேர். "நான் போறேன், உன்னக் கடைசி வரைக்கும் கைவுட மாட்டேன்" என்று சொல்லித்தான் அண்ணன் போனார். அவருக்குக் குவார்ட்டர்ஸ் வந்தது, மரியாதை வந்தது. மகள் கல்யாணத்துக்குக் கூடப்பிறந்தவளுக்கு ஒரு பத்திரிகை வரவில்லை. அவள் பங்கு கேட்டவள் இல்லை. இவள் என் தங்கச்சி என்று நாலு பேர் எதிரில் ஒரு தடவை சொன்னால் போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குக்கூடப் பஞ்சம்.

சிங்காரவேலு சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்தார். பாவி மனுஷன், நன்றாகத்தான் வரைந்தார். ஓட்டுக் கூரை, மாட்டுக் கொட்டகை, கிணறு, முந்திரி மரம் எல்லாம் அப்படியே வந்தது. டெய்சி பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"அருமையா இருக்கு சார். அந்த வூட்ல யாரெல்லாம் இருந்தீங்க?"

"அப்பா, அம்மா, நான். மூணே பேருதான்" என்று சொல்லிக் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

ராஜாம்பாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். விறுவிறு என்று போய் ஒரு பிரஷ்ஷை எடுத்தாள். துணியின் மேல் குந்தி, அவர் வரைந்த வாசலில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணை வரைந்தாள். அவளுக்கு எங்கே வரையத் தெரியும்? பெண் வீட்டைவிடப் பெரிதாக நின்றாள்.

"தாத்தா, இது யாரு?" என்றது பேத்தி.

"தெரியலம்மா. வூட்டு வேலை செஞ்சவங்களா இருக்கும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் பொறுத்தால் அவள் மனுஷியே இல்லை.

"வேலைக்காரியா? யாருய்யா வேலைக்காரி? அம்மை போட்டு நீ சுருண்டுக்கினு கெடந்தப்ப உனக்குக் கஞ்சி ஊத்துனவ வேலைக்காரியா? நான் விட்டுக்குடுத்த வேலையில உக்காந்துக்கினு நம்ம வூட்டு மேலயே மெஷின ஓட்டுனியே, அப்பகூட வாயத் தொறந்தேனா? செரி, வூடுதான் பூடுச்சி. இப்பப் படத்துல இருந்துமா என்னத் தள்ளுற?"

யாரோ இரண்டு பேர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். நாளையிலிருந்து வராதே என்று சூப்பர்வைசர் சொன்னாலும் சொல்வான். சொல்லித் தொலைக்கட்டும் என்று அவள் நின்றாள்.

சிங்காரவேலு எழுந்து நின்று பல்லைக் கடித்தார். "ராஜி, சத்தம் போடாத. ஆளுங்க பாக்கறாங்க."

அந்தப் பேரில் அவளைக் கூப்பிட்டவர்கள் அந்த வீட்டு ஆட்கள் மட்டும்தான். அவசரத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. "தாத்தா, அவங்க பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் டெய்சியைப் பார்த்தார். செல்போன்களைப் பார்த்தார். வெளியே போகிற வழியைப் பார்த்தார். பேத்தி கையை விடவில்லை.

"எந்தங்கச்சிம்மா" என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

ராஜாம்பாள் நகரவில்லை.

"சத்தமா சொல்லு" என்றாள்.