ஆளு ஸ்டெடியா?

1

இந்தக் கதை ஒரு இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தது. ராயபுரத்தில் ஒரு கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளையைப் பற்றி "ஆளு ஸ்டெடியா?" என்று யாரோ கேட்டார்கள். துறைமுகத்தில் சுமை ஆடாமல் தொங்கினால் ஸ்டெடி. மாதாமாதம் சம்பளம் வந்தால் ஸ்டெடி. தள்ளாடாமல் வீடு திரும்பினாலும் ஸ்டெடிதான். கேட்டவர் எதைக் கேட்டார்? அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

2

'1953ஆம் வருஷம், கடல் பொன்னாய் மின்னிய ஒரு மாலையில்…'

(வேண்டாம். குணசுந்தரி மீன் விற்பவள். கடல் மின்னுவதைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிற கோதண்டம் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவளுக்காகவே சாராயத்தை விட்டிருந்தான். குடித்த காலத்தில் ஆடாத கை, விட்ட பிறகு நடுங்கத் தொடங்கியது. மேஸ்திரி அவனை வின்ச்சிலிருந்து எடுத்து மூட்டை தூக்கப் போட்டார். அவள் தாய்மாமன் தேசப்பன், அவன் ஸ்டெடி இல்லை, இந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார்.

(இவனை மறுபடி குடிக்க வைத்தால் எனக்கு வேலை சுலபம். 'அன்று அவன் தள்ளாடியபடி…' என்று எழுதியும் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை, அடித்துவிட்டேன்.)

3

பெருங்காற்றில் குணசுந்தரியின் கூரை பிய்ந்துபோனது. மறுநாள் கீற்று வேய வந்த கோதண்டம் ஏணியில் ஏறினான். முடிச்சுப் போட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கயிறு நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள், மறுபடியும் விழுந்தது. எதிர் வாசலில் தேசப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கே பயம் வந்தது.

"குடிச்சிக்கீறியா?" என்றாள்.

"ஒரு கிளாஸ் போட்டா கை நின்னுடும். போடல. கைதான் ஆடுது குணா, நான் ஆடல."

அவள் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் ஏணியில் ஏறினாள்.

"நீ கீத்தப் புடி. முடிச்ச நான் போடுறேன்."

இரண்டு பேர் பாரம் தாங்காமல் ஏணி ஒரு பக்கம் சாய்ந்தது. தேசப்பன் தெருவைத் தாண்டி ஓடிவந்து, இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தார்.

4

கூரையைக் கட்டி முடித்தார்கள். அடுத்த மழைக்கு அது ஒழுகவில்லை. இதுவரைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

அவர்கள் இறங்கும்வரை ஏணியை விடாமல் நின்ற தேசப்பன், கோதண்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். அவருக்காக நான் எழுதிய வசனம் எதையும் அவர் பேச மறுக்கிறார். நீங்கள் பெண்ணுக்கு மாமனாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதையே அவரும் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.